முள் முனையிலிருந்து தொடங்குவோம்

(டெக்சஸ் மாநிலம் டாலஸ் நகரை ஒட்டிய ஓர் ஊரின் நூலகத்தில் தமிழ்க் குடும்பங்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

1932 ஜூன் 2ஆம் தேதி, ஜார்ஜியா மாநிலம். பொருளாதாரம் சரிந்து ஊரெல்லாம் பஞ்சப்பாட்டாக இருந்த காலம். ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயிக்கு மழையால் அன்று வயலில் வேலை இல்லை. நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, ஆக்மல்கி ஆறு தடம் மாறியபோது விட்டுப்போன மான்ட்கமரி ஏரிக்குப் போனார். ஒரு நாட்டுப் படகு. இருவருக்கும் சேர்த்து ஒரே தூண்டில், ஒரே பொய்யிரை என்று சொல்வார்கள். அன்று அவர் பிடித்த லார்ஜ்மவுத் பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ். நம் கணக்கில் பத்து கிலோவுக்கு மேல். எடை போட்டுப் பதிவு செய்துவிட்டு, மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.

77 ஆண்டுகள் கழித்து, 2009 ஜூலை 2 அன்று, ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் பிடித்த மீன் பெர்ரியின் மீனைவிட ஒரு அவுன்ஸுக்கும் சற்றுக் குறைவாகவே எடை கூடியிருந்தது. பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூடுதல் வேண்டும் என்பது விதி. அதனால் இன்றுவரை உலக சாதனை இருவருக்கும் பொது. இந்த மீனுக்காக இந்த நாட்டில் கொட்டப்படும் பணத்தையும், ஏரிகளில் பாயும் படகுகளையும், மீன் இருக்கும் இடத்தைக் காட்டப் படகில் பொருத்திய மின்திரைகளையும் நினைத்துப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் பெர்ரியின் பெயர் பட்டியலின் மேலேயே நிற்கிறது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பெர்ரிக்கு ஒரே தூண்டிலும் ஒரே பொய்யிரையும் போதுமாக இருந்தன; ஆனால் இங்கே பெரிய மீன்பிடிக் கடை ஒன்றுக்குள் முதன்முறை நுழைகிறவர் மலைத்துப் போகிறார். ஒரு சுவர் முழுக்க ராடு, கண்ணாடிப் பெட்டி நிறைய ரீல், வரிசை வரிசையாகப் பொய்யிரை. எதை வாங்குவது என்று தெரியாமல், பளபளப்பான ரீல் ஒன்றை முதலில் எடுக்கிறார். அதற்குப் பொருந்தும் ராடைக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். பிறகு நரம்பு, அதாவது தூண்டில் கயிறு. கடைசியாக, கண்ணைக் கவர்ந்த நான்கு பொய்யிரைகள். வீட்டருகே உள்ள குளத்துக்குப் போனால், அந்த நான்கில் மூன்று அந்தத் தண்ணீருக்கே ஆகாது.

நான் சொல்ல வந்தது இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதைத்தான். தண்ணீரையும் மீனையும் பாருங்கள். அந்த மீன் வாய் திறக்கும் இரை எது என்று கேளுங்கள். அந்த இரையைத் தாங்கும் முள், அந்த முள்ளைத் தாங்கும் நரம்பு, அந்த நரம்பை வீசும் ராடு, கடைசியாக ரீல். முள் முனையிலிருந்து கைப்பிடி நோக்கி வாருங்கள். செலவு பாதியாகும், மீன் கூடும்.

மீனிலிருந்து தொடங்குவோம். பாஸ் ஓடித் துரத்தி வேட்டையாடும் மீன் அல்ல. பதுங்கிப் பாயும் மீன். நம் ஊர் விராலைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: பாசிக்கும் கோரைக்கும் நடுவே அசையாமல் கிடக்கும், தலைக்கு மேல் தவளை போனால் தண்ணீர் வெடிக்கும். இரண்டும் உறவில்லாத மீன்கள், ஆனால் பிழைப்பு ஒன்று. பாஸுக்கு வாய் அகலம். மூடிய வாயின் மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னே போகும். ஸ்மால்மவுத் பாஸுக்கு அது கண்ணைத் தாண்டாது. பிடித்த மீன் எது என்று அடையாளம் காண இதுவே எளிய வழி. வாயைச் சட்டென்று திறந்து, இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பிவிடும்.

அப்படியானால் கரையில் நின்று பார்க்க வேண்டியது மறைவிடங்களை. சாய்ந்து விழுந்த மரம், பாசி முடிந்து தெளிந்த நீர் தொடங்கும் ஓரம், படகுத்துறையின் நிழல், மழைநீர்க் குழாய் குளத்தில் வந்து விழும் மூலை. நடுக்குளத்தை நோக்கிப் பலங்கொண்ட மட்டும் வீசுவது புதியவர்களின் பழக்கம். மீன் பெரும்பாலும் அவர்கள் காலடியிலிருந்து பத்தடி தூரத்தில், கரையோரப் புல்லின் கீழ் கிடக்கிறது. கரையை நெருங்கும்போதே மெதுவாக நடங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வீச்சு கரைக்கு இணையாக, ஓரத்தை ஒட்டியே போகட்டும்.

இனி இரை. தொடங்குகிறவருக்கு மூன்று பொய்யிரை போதும் என்பது என் தீர்மானமான கருத்து. ஒன்று, ஐந்து அங்குல மென்பிளாஸ்டிக் புழு. இரண்டு, ஸ்பின்னர்பெயிட்: கம்பியில் சுழலும் தகடும், முள்ளை மூடிய ரப்பர்க் குஞ்சமும் கொண்டது, நீர் கலங்கி, காற்று வீசும் நாளுக்கு. மூன்று, நீர்மேல் மிதந்து 'பொளக்' என்று சத்தம் போடும் பாப்பர், விடியலுக்கும் அந்திக்கும். இந்த மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று யாராவது சொன்னால், யோசிக்காமல் புழுவை எடுப்பேன்.

இந்தப் பிளாஸ்டிக் புழுவுக்கு ஒரு கதை உண்டு. 1949இல் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவியும் தங்கள் வீட்டுச் சமையலறை அடுப்பில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி, அச்சில் ஊற்றி, மண்புழுவைப்போல் நெளியும் புழுவைச் செய்தார்கள். பிறகு அவர்கள் தொழில் நம் டெக்சஸின் டைலர் நகருக்கே வந்து சேர்ந்தது. இன்று கடையில் கிடைக்கும் உப்புக் கலந்த கனமான குச்சிப்புழுக்கள் அந்த அடுப்பின் பேரப்பிள்ளைகள். ஈயம் எதுவும் இல்லாமல் அவற்றை வீசி, கைகட்டிச் சும்மா நின்றாலே போதும்; இரு முனையும் மெல்ல நடுங்கியபடி தானே இறங்கும். புதியவரின் கைக்கு எந்த வித்தையும் வரவேண்டியதில்லை. அவசரப்படாமல் இருந்தால் சரி.

பாசி நிறைந்த குளமென்றால் இந்தப் புழுவை டெக்சஸ் ரிக் முறையில் கோர்க்க வேண்டும். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். முதலில் தோட்டா வடிவ எடை ஒன்றை, கூர்முனை ராடு பக்கம் இருக்கும்படி, நரம்பில் நுழைத்துவிடுங்கள். எட்டில் ஒரு பங்கு அவுன்ஸ் போதும். பிறகு 3/0 அளவுள்ள, கழுத்து மடிந்த அகல முள்ளைக் கட்டுங்கள். முள் முனையைப் புழுவின் தலையில் நேராக நடுவே குத்தி, கால் அங்குலம் உள்ளே விட்டு, பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள் முழுவதையும் அந்தத் துளை வழியே இழுத்து, முள்ளின் காது புழுவின் தலைக்குள் மறையும் வரை கொண்டுவாருங்கள். இப்போது முள்ளைத் திருப்பி, புழுவைத் தொங்கவிட்டு, முள்ளின் வளைவு புழுவின் உடலில் எந்த இடத்தைத் தொடுகிறது என்று நகத்தால் அடையாளம் வையுங்கள். சரியாக அந்த இடத்தில் குத்தி, முனையை மறுபக்கம் எடுத்து, தோலில் லேசாகப் பதித்துவிடுங்கள். புழு அம்புபோல் நேராக நிற்க வேண்டும். சற்றே வளைந்து முறுக்கியிருந்தாலும் நீரில் பம்பரமாய்ச் சுற்றி நரம்பை முறுக்கிவிடும். கழற்றி மறுபடி கோருங்கள். சரியாகக் கோர்த்த புழு பாசிக்குள்ளும் மரக்கிளைக்குள்ளும் சிக்காமல் நழுவும்.

வீசிய பிறகு அடிவரை இறங்கவிடுங்கள். ராடு நுனியை மெல்ல உயர்த்தி, மறுபடி இறக்கி, தளர்ந்த நரம்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் புழு கீழே இறங்கும்போதுதான் மீன் எடுக்கும். 'டக்' என்று ஒரு தட்டல் கையில் தெரியும். சில நேரம் அதுவும் இருக்காது. நரம்பு மட்டும் பக்கவாட்டில் நகரும். அதனால் கண் நரம்பின்மேல் இருக்கட்டும். நகர்ந்தால், தளர்வைச் சுற்றி எடுத்து, ராடை ஓங்கி உயர்த்துங்கள்.

நிறத்துக்குப் பெரிதாக மெனக்கெட வேண்டாம். பாஸின் கண்ணில் நிறமறியும் செல்கள் இரண்டே வகை. ஒன்று சிவப்பை நன்றாக வாங்கும், இன்னொன்று பச்சையை. கடையில் நாம் காணும் வானவில்லில் பெரும்பகுதி மனிதரைப் பிடிக்கப் போட்டது. தெளிந்த நீருக்கு இலைப்பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், கலங்கல் நீருக்குக் கருநீலம். இரண்டு பாக்கெட் போதும்.

நரம்புக்கு வருவோம். எட்டு அல்லது பத்து பவுண்டு தாங்கும் சாதாரண நைலான் நரம்பு முதல் ஆண்டுக்குத் தாராளம். கொஞ்சம் இழுபடும், விலை குறைவு, முடிச்சு எளிதில் நிற்கும். ஃப்ளோரோகார்பன் நீரில் மூழ்கும், விறைப்பு அதிகம். பின்னல் நரம்பு இழுபடவே இழுபடாது, அடர்ந்த பாசிக்கு அருமையானது. ஆனால் புதியவர் கையில் சிக்கலாகிவிட்டால் பிரிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

நரம்பு அறுந்தது என்று சொல்கிறவர்களிடம் நுனியை வாங்கிப் பாருங்கள். சுருட்டையாக இருந்தால் அறுந்தது நரம்பல்ல, அவிழ்ந்தது முடிச்சு. பாலோமர் முடிச்சு ஒன்றைக் கற்றுக்கொண்டால் வாழ்நாளுக்கும் போதும். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழைக்க வேண்டும். அந்த இரட்டை நரம்பாலேயே தளர்வாகச் சாதாரண முடிச்சு ஒன்று. மடிப்பில் இருக்கும் கண்ணி வழியே முள்ளை முழுவதுமாக நுழைத்து எடுக்க வேண்டும். பிறகு எச்சில் தொட்டு ஈரப்படுத்தி, சீராக இழுத்து இறுக்குங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் உரசும் சூட்டிலேயே அது பலவீனமாகும். அந்த ஒரு துளி ஈரத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

இப்போதுதான் ராடு. கைப்பிடிக்குச் சற்று மேலே, ராடின் உடலிலேயே சிறு எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்: நீளம், பலம், வளையும் வேகம், எத்தனை பவுண்டு நரம்பு, எத்தனை அவுன்ஸ் இரை. நம் புழுவுக்கும் எட்டு பவுண்டு நரம்புக்கும் பொருந்துவது ஆறரை முதல் ஏழு அடி நீளமுள்ள, நடுத்தரப் பலமுள்ள, நுனி மட்டும் வேகமாக வளையும் ஸ்பின்னிங் ராடு. அதனோடு 2500 அளவு ஸ்பின்னிங் ரீல். இரண்டும் சேர்ந்த ஜோடியாகவே கடையில் கிடைக்கும். எளிய விலையில் உள்ள ஜோடியே போதும். மிச்சத்தைப் புழுவுக்கும் முள்ளுக்கும் வையுங்கள்.

ரீலில் இரண்டு பழக்கம். வீசியதும் அதன் வளையக் கம்பியைக் கையாலேயே மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடினால் நரம்பு முறுக்கேறும். அடுத்தது டிராக். எட்டு பவுண்டு நரம்பென்றால் இரண்டு, இரண்டரை பவுண்டு இழுவையில் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் கையால் இழுத்துச் சரிபாருங்கள். பாஸ் மாட்டியதும் மேலே எகிறி, தலையை உதறும். அந்த நேரத்தில் விட்டுக்கொடுக்காத ரீல் மீனை இழந்துவிடும்.

ஆறேழு வயதுக் குழந்தைகளுக்குப் பொத்தான் அழுத்தும் மூடிய ரீல் வாங்கிக் கொடுங்கள். அதை விளையாட்டுச் சாமானாக யாரும் நினைக்க வேண்டாம். டெக்சஸின் ரோட்டன் என்ற சிற்றூரில் கடிகாரம் பழுதுபார்த்த ஆர்.டி. ஹல் என்பவர், மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவர் அசையாத உருளையிலிருந்து நூலைச் சரசரவென்று உருவுவதைக் கண்டு அந்த யோசனையைப் பிடித்தார். அதைத் தயாரிக்க முன்வந்தது டல்சா நகரில் எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடி செய்துகொண்டிருந்த 'ஜீரோ ஹவர் பாம் கம்பெனி'. முதல் ரீல் வந்தது 1949இல், கிரீம் தம்பதியின் புழு பிறந்த அதே ஆண்டில். அந்தக் கம்பெனிப் பெயரின் சுருக்கம்தான் இன்று கடைகளில் நீங்கள் காணும் ஜெப்கோ.

தொலைக்காட்சிப் போட்டிகளில் காணும் பெயிட்காஸ்டர் ரீலைப் பற்றிக் கேட்பீர்கள். கனமான இரைக்கும் தடித்த நரம்புக்கும் அது சிறந்த கருவி. கட்டைவிரல் பழகாவிட்டால் உருளை வேகமாகச் சுற்றி நரம்பு பந்தாகிவிடும். அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

ராடு, ரீல் தவிரப் பையில் இருக்க வேண்டியவை: நீள மூக்குக் குறடு, நரம்பு வெட்டி, தொப்பி, தண்ணீர். கண்ணாடி கட்டாயம், குழந்தைகளுக்கு இரட்டைக் கட்டாயம், ஏனென்றால் பாசியில் சிக்கி விடுபடும் முள் கண்ணை நோக்கியே வரும். கரைப்புல்லில் கால் வைக்கும் முன் தீயெறும்புப் புற்றும் பாம்பும் இருக்கிறதா என்று பாருங்கள்.

உரிமம் எல்லாரும் கேட்கும் கேள்வி. இந்த மாநிலத்தில் 17 வயது ஆனவர்கள் மீன்பிடி உரிமமும் நன்னீருக்கான அனுமதியும் வாங்க வேண்டும். அதற்குக் கீழுள்ளவர்களுக்குத் தேவையில்லை. மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து பிடிக்க யாருக்குமே உரிமம் வேண்டாம். ஜூன் முதல் சனிக்கிழமை மாநிலம் முழுக்க இலவசம். நகராட்சிப் பூங்காக்களில் உள்ள சிறு ஏரிகள், அதாவது 75 ஏக்கருக்கு உட்பட்ட சமுதாய ஏரிகள், புதியவருக்குச் சொர்க்கம். அங்கே ஒருவருக்கு இரண்டு தூண்டிலுக்கு மேல் கூடாது. பொது விதிப்படி பாஸ் 14 அங்குலத்துக்குக் குறைந்தால் திரும்ப விட வேண்டும், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து. ஏரிக்கு ஏரி விதிவிலக்கு உண்டு. அறிவிப்புப் பலகையைப் படியுங்கள்.

சென்ற வாரம் ஒரு பெரியவர் கேட்டார்: "திரும்ப விடப்போகிற மீனை எதற்கப்பா பிடிக்கிறாய்? உயிரை வைத்து விளையாடுவது பாவமில்லையா?" அவர் கேட்டது நியாயம். முள் குத்துவது மீனுக்குத் துன்பம்தான். அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வராது. சாப்பிடுகிறவர்கள் விதிக்குள் இரண்டு நடுத்தர மீனை எடுத்துக் குழம்பு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. பல சிறு குளங்களுக்கு அது நல்லதும்கூட. பெரிய மீனை விட்டுவிடச் சொல்கிறேன், ஏனென்றால் பெரியவை பெரும்பாலும் பெண்மீன்கள். அடுத்த தலைமுறை அவற்றின் வயிற்றில் இருக்கிறது. 1960களின் முடிவில் பாஸ் போட்டிகளைத் தொடங்கிய ரே ஸ்காட், பிடித்த மீன்களை அள்ளிக்கொண்டு போகும் வழக்கத்தால் தொழிலே அழியும் என்று கண்டு, 1972 முதல் மீனை உயிரோடு விடும் முறையைப் போட்டிகளுக்குள் கொண்டுவந்தார். அது மெல்ல இந்த நாட்டின் பழக்கமானது.

அதைவிட நான் வற்புறுத்திக் கேட்பது ஒன்று உண்டு. இங்கே மார்ச், ஏப்ரலில் நீர் வெதுவெதுப்பானதும் ஆண்மீன் ஆழமில்லாத கரையோரம் வாலால் மண்ணை விசிறிக் கூடு செய்கிறது. பெண் முட்டையிட்டுப் போய்விடும். அதன்பின் காவல் முழுவதும் அந்த ஆண்மீனுடையது. முட்டை பொரிந்து, குஞ்சுகள் கூட்டமாக நீந்தும்வரை அது அந்த இடத்தைச் சுற்றியே வரும். தெளிந்த நீரில் வட்டமான வெளிறிய திட்டும், அதன்மேல் நகராத மீனும் கண்ணுக்குத் தெரியும். அதைப் பிடிப்பது எளிது. எதைப் போட்டாலும் காவலுக்காகவே கவ்வும். அதை நீங்கள் கரையில் வைத்துப் படம் எடுக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் புளூகில் மீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு வரும் விராலைப் பிடிக்கக் கூடாது என்று கண்டித்த பாட்டிமார் நம்மில் பலருக்கு இருந்திருப்பார்கள். அதே கட்டுப்பாட்டை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டில் நிற்கும் மீனைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். தூண்டிலை மடக்கிக்கொண்டு அடுத்த கரைக்குப் போங்கள்.

மீனை விடுவதால் என்ன விளைகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் கிழக்கே லேக் ஃபோர்க் வரை ஒருமுறை போய்வாருங்கள். 27,000 ஏக்கருக்கு மேல் பரந்த நீர்த்தேக்கம். மூழ்கிய மரங்கள் அப்படியே நிற்கின்றன. 1986இல் மார்க் ஸ்டீவன்சன் என்ற வழிகாட்டி அங்கே 17.67 பவுண்டு பாஸைப் பிடித்து, கொல்லாமல் மாநில மீன்வளத் துறையிடம் ஒப்படைத்தார். எதெல் என்று பெயர் வைத்தார்கள். 13 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள மீன்களை இனப்பெருக்கத்துக்கு இரவல் வாங்கும் ஷேர்லங்கர் திட்டம் அந்த மீனோடு தொடங்கியது. மாநில சாதனையான 18.18 பவுண்டு மீனும் 1992இல் அதே ஏரியில்தான் கிடைத்தது. அங்கே 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸை எடுத்துப்போகவே கூடாது.

பிடித்த மீனை வேறு குளத்தில் விடாதீர்கள். 1925இல் ஜப்பானின் ஆஷி ஏரியில் கொண்டுவந்து விட்ட பாஸ் நாடெங்கும் பரவி, அங்கிருந்த சிறுமீன்களைத் தின்று தீர்த்தது. 2005 முதல் அதை உயிரோடு எடுத்துச் செல்வதே அங்கே சட்டப்படி குற்றம். குரிட்டாவின் சாதனை மீன் வளர்ந்த பிவா ஏரியிலும் அது வந்தேறிதான். அதே காரணத்தால் நம் விரால் குடும்பம் முழுவதையும் 2002இல் அமெரிக்கா தீங்கு தரும் உயிரினமாக அறிவித்தது. ஊரிலிருந்து குஞ்சு கொண்டுவந்து வளர்க்கலாமா என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

மீனைக் கையாளும்போது கையை நனைத்துக்கொள்ளுங்கள். வறண்ட கை அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்துச் செங்குத்தாகத் தூக்கலாம். பெரிய மீனென்றால் மறுகையை வயிற்றுக்குக் கீழே கொடுங்கள். தாடையை மட்டும் பிடித்துக் குறுக்காகச் சாய்த்தால் தாடை பிசகும். முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாமல் நரம்பை ஒட்ட நறுக்கிவிடுங்கள். ஆகஸ்ட் வெயிலில் நீர் சூடாக இருக்கும்போது படம் எடுக்கும் நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய நரம்புத் துண்டு ஒன்றுகூடக் கரையில் கிடக்கக் கூடாது. கொக்கும் ஆமையும் அதில் சிக்கிச் சாகின்றன.

நேரம் நெருங்கிவிட்டது. மேசையில் பருமனான நரம்பும் முனை மழுக்கிய பெரிய முள்களும் இரண்டு பாக்கெட் புழுவும் வைத்திருக்கிறேன். பாலோமர் முடிச்சைக் குழந்தைகள் முதலில் வந்து போட்டுப் பார்க்கட்டும். பெற்றோர் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள். கேள்விகளை அங்கேயே கேட்கலாம்.